விரிசல் விட்ட பாய்லரோடு போருக்குப் போன கப்பல்: ஐஎன்எஸ் விக்ராந்த்தின் கதை

ஒரு கப்பலில் மொத்தம் நான்கு பாய்லர்கள். அதில் ஒன்று வேலை செய்யாது. மற்ற மூன்றும் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அவற்றைச் சுற்றி இரும்புப் பட்டைகளைக் கட்டி, நீராவி கசிகிறதா என்று பார்க்க ஜன்னல் வைத்து, ஆளை நிறுத்திக் காவல் காக்கிறார்கள். கப்பலின் முழு வேகம் 25 நாட். ஆனால் 14 நாட்டுக்கு மேல் போகக் கூடாது என்று டெல்லியிலிருந்து கண்டிப்பான உத்தரவு. 14 நாட் என்றால் மணிக்கு சுமார் 26 கிலோமீட்டர். நம்ம ஊர் டிராஃபிக்கில் ஸ்கூட்டர் ஓட்டும் வேகம்.

இந்தக் கப்பலைத்தான் 1971-ல் இந்தியா போருக்கு அனுப்பியது. அதுவும் எதிரி நாட்டு நீர்மூழ்கி ஒன்று இதை மட்டுமே தேடி வங்கக் கடலில் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்.

அது ஐஎன்எஸ் விக்ராந்த். இப்போது கொச்சியில் கட்டப்பட்டு கடற்படையில் இருக்கும் விக்ராந்த் அல்ல. அதற்கு முன்னால் அதே பெயரில், அதே ஆர்11 என்ற எண்ணோடு இருந்த பழைய விக்ராந்த்.

பாதியில் நின்ற கப்பல்

விக்ராந்த் பிறக்கும்போது அதன் பெயர் ஹெர்குலிஸ். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ல், பிரிட்டிஷ் கடற்படைக்காக இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் கட்டத் தொடங்கினார்கள். 1945 செப்டம்பர் 22-ல் தண்ணீரில் இறக்கியபோது போரே முடிந்துவிட்டது. அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய செலவு? 1946-ல் வேலையை நிறுத்தி, முக்கால்வாசி முடிந்த கப்பலை அப்படியே ஓரங்கட்டிவிட்டார்கள். பத்து வருடத்துக்கும் மேலாக அது சும்மா கிடந்தது.

1957 ஜனவரியில் இந்தியா அதை வாங்கியது. சுதந்திரம் கிடைத்து பத்து வருடம்கூட ஆகவில்லை. பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் உள்ள ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் கப்பல் தளத்தில் மீதி வேலை நடந்தது. ஆம், டைட்டானிக்கைக் கட்டிய அதே நிறுவனம்தான்.

பாதியில் நின்றதில் ஒரு லாபமும் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு ஏற்றபடி ஓடுதளத்தைச் சாய்வாக மாற்றினார்கள். விமானங்களை உந்தித் தள்ளும் நீராவி கேட்டபல்ட் பொருத்தினார்கள். 1945-லேயே முடித்திருந்தால் இவை எதுவும் அதில் இருந்திருக்காது.

1961 மார்ச் 4-ம் தேதி, பிரிட்டனுக்கான இந்தியத் தூதர் விஜயலட்சுமி பண்டிட் பெல்ஃபாஸ்ட்டில் கப்பலை இந்தியக் கடற்படையில் சேர்த்தார். முதல் கேப்டன் பிரீத்தம் சிங் மஹிந்த்ரூ. அதே ஆண்டு மே 18-ல் லெப்டினென்ட் தஹிலியானி என்ற இளம் விமானி முதல் ஜெட் விமானத்தை இதன் மேல் இறக்கினார். அவர்தான் பிற்காலத்தில் கடற்படைத் தளபதியான அட்மிரல் ஆர்.எச்.தஹிலியானி. நவம்பர் 3-ல் பம்பாய் வந்து சேர்ந்தபோது வரவேற்றவர் பிரதமர் நேரு.

சரி, கப்பல் மேல் விமானம் எப்படி இறங்கும்?

இது புரிந்தால்தான் 1971-ல் விரிசல் விட்ட பாய்லர் ஏன் அவ்வளவு பெரிய தலைவலி என்பது புரியும்.

விமான நிலையத்தில் ஓடுதளம் கிலோமீட்டர் கணக்கில் நீளம். விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே சுமார் 210 மீட்டர்தான். அதில் ஓடி, வேகம் பிடித்து, மேலே எழும்ப முடியாது. அதனால் கேட்டபல்ட் உதவுகிறது. உண்டிவில்லில் கல்லை வைத்து இழுத்துவிடுவது மாதிரி, நீராவி அழுத்தத்தால் விமானத்தை முன்னால் வீசி எறிகிறது. அந்த நீராவி எங்கிருந்து வருகிறது? பாய்லரிலிருந்து.

இறங்கும்போது விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் இரும்பு வடத்தில் மாட்ட வேண்டும். மாட்டினால் விமானம் சில நொடிகளில் நின்றுவிடும். மாட்டாவிட்டால் உடனே எழும்பிப் போய் மறுபடி சுற்றி வர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, காற்று. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கப்பல் காற்றை எதிர்த்து முழு வேகத்தில் ஓட வேண்டும். ஒரு விமானம் 80 நாட் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் 25 நாட்டில் போகிறது, எதிர்க்காற்று 15 நாட். அப்படியானால் தளத்தைத் தொடும்போது விமானத்தின் வேகம் 40 நாட் மட்டும்தான். கப்பலின் வேகம் குறையக் குறைய விமானிக்கு ஆபத்து கூடும். கப்பலை ஓட்டும் சக்தியும் பாய்லரிலிருந்துதான் வருகிறது.

ஆக, பாய்லர் படுத்தால் கப்பலும் ஓடாது, விமானமும் பறக்காது.

1965: வெளியே வராத கப்பல்

விக்ராந்த்துக்கு ஆரம்ப வருடங்கள் அவ்வளவு ராசியாக இல்லை. 1961 டிசம்பரில் கோவா நடவடிக்கையின்போது மேற்குக் கடலோரம் ரோந்து சுற்றியது. சண்டையில் இறங்க வேண்டிய அவசியம் வரவில்லை. 1965-ல் பாகிஸ்தானோடு போர் வந்தபோது, கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. அதை மூழ்கடித்துவிட்டதாகவே பாகிஸ்தான் தரப்பு அறிவித்தது. அது மூழ்கவும் இல்லை, கடலுக்குப் போகவும் இல்லை.

கடற்படைக்காரர்களுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. கோடிக்கணக்கில் செலவு செய்து வாங்கியது ஒரு வெள்ளை யானையா என்ற கேள்வி எழுந்தது.

அடுத்த அடி 1970-ல் விழுந்தது. அந்த ஆண்டு ஜூனில் பம்பாய் கடற்படைத் தளத்தில் சோதித்தபோது, பாய்லர்களின் தண்ணீர் டிரம்களில் விரிசல்கள் இருப்பது தெரிந்தது. வெல்டிங் வைத்து அடைக்க முடியாத விரிசல்கள். பிரஷர் குக்கரின் அடியில் கோடு விட்டிருந்தால் அடுப்பில் வைப்போமா? அதே கதைதான். புதிய டிரம்கள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். அதுவரை பாய்லரைப் பற்றவைக்கவே கூடாது என்று தலைமையகம் உத்தரவிட்டது. மாதக்கணக்கில் கப்பல் சும்மா நின்றது.

'போனால் போகட்டும்' என்று எடுத்த முடிவு அல்ல

1971-ன் தொடக்கத்தில் நிலைமை மாறியது. கிழக்கு பாகிஸ்தானில் கலவரம். லட்சக்கணக்கில் அகதிகள் இந்தியாவுக்குள் வருகிறார்கள். போர் வரும் என்பது தெளிவாகிக்கொண்டே வந்தது. விக்ராந்த்தை என்ன செய்வது?

எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெதுவாகப் போகும் கப்பல் நீர்மூழ்கிக்கு லட்டு மாதிரி. அதில் 1,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். நாட்டிடம் இருப்பதே ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அது மூழ்கினால் அந்த அடியிலிருந்து எழுவது கஷ்டம்.

இன்னொரு பக்கம், கடற்படைத் தளபதி அட்மிரல் எஸ்.எம்.நந்தாவும், ஹிரானந்தானி என்ற அதிகாரியும். 1965 மாதிரி இந்த முறையும் துறைமுகத்திலேயே உட்கார்ந்திருந்தால், கடற்படை விமானப் பிரிவையே நாடு மறந்துவிடும் என்பது இவர்களின் வாதம்.

முடிவை ஒரே நாளில் எடுக்கவில்லை. மார்ச்சில் குறைந்த அழுத்தத்தில் பாய்லரைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். பிறகு இரண்டு நாள் கடல் ஓட்டம். ஏப்ரலில் இன்னொன்று. ஜூனில் ஆழ்கடல் சோதனை. அப்போதுதான் மூன்று பாய்லர்களுக்கும் இரும்புப் பட்டை கட்டப்பட்டது. ஜூன் இறுதியில், 14 நாட் வேகத்துக்கு மேல் போகாமல் போருக்குப் போகலாம் என்று அனுமதி வந்தது.

அந்த பாய்லர் அறையில் நின்று வேலை பார்த்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதக்கம் வாங்கியவர்கள் பட்டியலைப் புரட்டினால் விமானிகள் பெயர்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் விரிசல் விட்ட கொதிகலனுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றவர்களின் தைரியம் அதற்குக் குறைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னைக்கு வந்த விக்ராந்த்

ஜூலை மாதம் விக்ராந்த் பம்பாயை விட்டுப் புறப்பட்டது. கொச்சி வழியாக அப்போதைய மெட்ராஸ் நோக்கி வந்தது. கூடவே பிரம்மபுத்ரா, பியாஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்கள்.

அப்போது கேப்டனாக இருந்தவர் ஸ்வராஜ் பிரகாஷ். அவருக்கு வேறொரு கவலை. கப்பல் ஓடுகிறது, சரி. விமானம்? சீ ஹாக் என்ற ஜெட் போர் விமானங்களும், அலிஸே என்ற மூன்று பேர் போகும் புரொப்பெல்லர் விமானங்களும் விக்ராந்த்தில் இருக்க வேண்டும். நீர்மூழ்கியைத் தேடுவது, இரவில் குண்டு போடுவது எல்லாம் அலிஸேயின் வேலை. கப்பல் 14 நாட் வேகத்தில் போனால், அலிஸே இறங்கும்போது இதற்கு மேல் வேகம் குறைந்தால் விழுந்துவிடும் என்ற எல்லையை ஒட்டியே பறக்க வேண்டும். கடைசியில் விமானத்தின் எடையைக் குறைத்துச் சமாளித்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் போர்ட் பிளேர். பிறகு விசாகப்பட்டினம். பிறகு பராமரிப்புக்காக மறுபடி மெட்ராஸ். இந்தப் போக்குவரத்து பாகிஸ்தானுக்கும் தெரிந்திருந்தது. விக்ராந்த்தைக் குறிவைத்து அவர்கள் ஒரு நீர்மூழ்கியை அனுப்பினார்கள். பெயர் காஸி. அமெரிக்காவிடமிருந்து குத்தகைக்கு வாங்கிய பழைய கப்பல். கராச்சியிலிருந்து இந்தியாவைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடல்வரை வந்து போகும் அளவுக்குத் தாக்குப்பிடிக்கக்கூடிய நீர்மூழ்கி அவர்களிடம் அது ஒன்றுதான். நவம்பர் 14-ல் அது கராச்சியை விட்டுக் கிளம்பியது.

அதற்கு முந்தைய நாளே, நவம்பர் 13-ல், விக்ராந்த் அந்தமானை நோக்கிப் போய்விட்டது.

நாகர்கோவில்காரர் விரித்த வலை

இனி வருவதுதான் இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. அப்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைமையில் இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் பிற்காலத்தில் எழுதிய புத்தகத்தில் இதை விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்.

விக்ராந்த் அந்தமானில் ஒதுக்குப்புறமான இடத்தில் பதுங்கி நிற்கிறது. ஆனால் அது விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரி நம்ப வேண்டும். எப்படி நம்பவைப்பது?

முதலில், உள்ளூர் கான்ட்ராக்டர்களிடம் ஏராளமான இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஆர்டர் கொடுத்தார். ஒரு பெரிய கப்பல் வரப்போகிறது என்று ஊரில் பேச்சு கிளம்பும். அங்கே உளவாளி யாராவது இருந்தால் அது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேரும்.

அடுத்து, ஐஎன்எஸ் ராஜ்புத். ஓய்வு பெறும் வயதில் இருந்த பழைய போர்க்கப்பல். அதை விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நிறுத்தி, விக்ராந்த் மாதிரி நடிக்கச் சொன்னார். ஒரு பெரிய கப்பல் அனுப்பும் அளவுக்கு வயர்லெஸ் செய்திகளாக அனுப்பித் தள்ளினார்கள்.

மூன்றாவதுதான் சூப்பர். 'எங்க அம்மா உடம்புக்கு எப்படி இருக்கு' என்று விக்ராந்த் மாலுமி ஒருவர் கேட்பது போல, ரகசியக் குறியீடு இல்லாமல் ஒரு செய்தியை வெளிப்படையாக அனுப்பவைத்தார். கண்டிப்பான பாதுகாப்பு விதியை ஒரு மாலுமி அம்மா பாசத்தில் மீறிவிட்டான் என்று கேட்பவர் நினைக்க வேண்டும். நிஜமான தப்பு மாதிரியே இருந்ததால்தான் அது நல்ல பொய்.

காஸி முதலில் மெட்ராஸ் பக்கம் தேடிவிட்டு விசாகப்பட்டினம் வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவைத் தாண்டி துறைமுகத்துக்கு வெளியே பெரிய வெடிச்சத்தம். ஊரில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காஸி தன்னிடம் இருந்த 93 பேரோடும் கடலின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

எப்படி மூழ்கியது என்பதில் இன்றுவரை இரண்டு கதை. ராஜ்புத் போட்ட வெடிகுண்டுகளால்தான் என்கிறது இந்தியக் கடற்படை. தானே விதைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நடந்த விபத்தாலோ வெடித்தது என்கிறது பாகிஸ்தான். எதுவானாலும், அது தேடி வந்த கப்பல் அங்கே இல்லவே இல்லை.

ஏழு நாள் வேலை

டிசம்பர் 4 காலை. விக்ராந்த்திலிருந்து எட்டு சீ ஹாக் விமானங்கள் கிளம்பின. இலக்கு, சுமார் 60 கடல் மைல் தூரத்தில் இருந்த காக்ஸ் பஜார் விமானதளம். அன்றே சிட்டகாங் துறைமுகத்தின் மீதும் தாக்குதல். அடுத்தடுத்த நாள்களில் குல்னா, மோங்லா. பகலில் சீ ஹாக், இரவில் அலிஸே என்று மாறி மாறிப் போனார்கள். காஸி மூழ்கிய செய்தியை இந்தியா அதிகாரபூர்வமாகச் சொன்னது டிசம்பர் 9-ல்தான்.

டிசம்பர் 10 வரை இது நீடித்தது. கிழக்கு பாகிஸ்தானில் இருந்த ராணுவத்துக்குக் கடல் வழியாக உதவி வரவும் முடியவில்லை, அந்த வழியாகத் தப்பித்துப் போகவும் முடியவில்லை. டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைந்தார்கள்.

தரையில் ராணுவமும் வானில் விமானப்படையும் செய்த வேலைதான் அந்தப் போரில் பெரும்பங்கு. விக்ராந்த் மட்டுமே ஜெயித்துக் கொடுத்தது என்று சிலர் எழுதுவது மிகை. ஆனால் கடல் கதவை இழுத்து மூடியதில் அதன் பங்கு பெரியது. கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சீ ஹாக் படைப்பிரிவின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தாவுக்கும் மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. அவை தவிர 12 வீர் சக்ரா.

பிறகு என்ன ஆனது?

1979 முதல் 1982 ஜனவரி வரை நடந்த பெரிய பழுதுபார்ப்பில் ஒருவழியாகப் புதிய பாய்லர்கள் வந்தன. 1983-ல் சீ ஹாரியர் விமானங்கள் வந்தன. செங்குத்தாகவே இறங்கக்கூடியவை. அதனால் கொக்கியும் வடமும் தேவைப்படவில்லை. 80-களின் இறுதியில் கேட்டபல்ட்டைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் சறுக்குமேடை மாதிரி மேல்நோக்கி வளைந்த தளம் வைத்தார்கள். விமானம் அதில் ஓடி அப்படியே மேலே எழும்பும்.

ஆனால் வயது வயதுதான். 1987-ல் விராட் வந்த பிறகு விக்ராந்த் இரண்டாம் இடத்துக்குப் போனது. கடைசியாகக் கடலுக்குப் போனது 1994 நவம்பரில். 1997 ஜனவரி 31-ல் ஓய்வு.

ஏன் காப்பாற்ற முடியவில்லை?

2001-ல் மும்பையில் அருங்காட்சியகமாக மக்களுக்குத் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆனால் நிரந்தர அருங்காட்சியகமாக நடத்த மகாராஷ்டிர அரசுக்குக் கூட்டாளி கிடைக்கவில்லை. பாதுகாப்பில்லை என்று 2012-ல் மூடினார்கள். 2013 டிசம்பரில் ஏலம். சுமார் 60 கோடி ரூபாய்க்கு கப்பல் உடைக்கும் நிறுவனம் ஒன்று எடுத்தது. பொதுநல வழக்கு போட்டுப் பார்த்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் மே மாதம் இடைக்காலத் தடை கொடுத்து, 2014 ஆகஸ்ட்டில் உடைக்க அனுமதித்தது.

அமெரிக்காவில் பழைய விமானந்தாங்கிகள் பல அருங்காட்சியகமாக நிற்கின்றனவே, நம்மால் ஏன் முடியவில்லை என்று கோபப்படுவது சுலபம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் உப்புத் தண்ணீரில் மிதக்கும் இரும்பைக் காப்பாற்றுவது ஒருமுறை செலவு அல்ல. வருடா வருடம் துரு சுரண்ட வேண்டும், அவ்வப்போது உலர்தளத்தில் ஏற்றி அடிப்பாகத்தைச் சரிபார்க்க வேண்டும். விசாகப்பட்டினம் கடற்கரையில் 2002 முதல் நிற்கும் குர்சுரா நீர்மூழ்கி இன்றும் நன்றாக இருக்கிறது. அது சிறியது, அதோடு தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துக் கரையில் நிறுத்திவிட்டார்கள். விக்ராந்த்தை எங்கே தூக்கி வைப்பது? பணமும் திட்டமும் தேவைப்பட்டது கப்பல் ஓய்வு பெற்ற 1997-ல். எல்லோரும் பதறியதோ ஏல அறிவிப்பு வந்த பிறகு.

2014 நவம்பர் 22-ல் மும்பையின் தாருக்கானாவில் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் கொஞ்சத்தை வாங்கிய பஜாஜ் நிறுவனம், 2016-ல் 'வி' என்ற பைக்கைக் கொண்டுவந்தது. பெட்ரோல் டேங்க் பகுதியில் விக்ராந்த்தின் உலோகம் இருக்கிறது என்று சொல்லியே விற்றார்கள். உங்கள் தெருவில் யாரிடமாவது அந்த பைக் இருக்கலாம்.

புதிய விக்ராந்த் கொச்சியில் கட்டப்பட்டு, 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்தது. 262 மீட்டர் நீளம், பழையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடை. பழைய எண் ஆர்11 இதற்கும் உண்டு. ரிக் வேதத்திலிருந்து எடுத்த பழைய முழக்கமும் அதேதான். ஆனால் பாய்லர் மட்டும் கிடையாது. நான்கு கேஸ் டர்பைன்களில் ஓடுகிறது.